கட்டடம் மட்டும் போதுமா?



ஜெருசலம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், "அது அவர்கள் விவகாரம், நமக்கென்ன?" என்று நம்மவர் சிலர் சொல்லக் கேட்கிறேன். நாமும் கற்க வேண்டிய பாடம் அங்கே உண்டு என்பது என் கருத்து.

1969 ஆகஸ்டு 21இல் ஆஸ்திரேலியப் பயணி ஒருவர் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரத்தாலான சொற்பொழிவு மேடை எரிந்தது. மறுமாதமே முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் மொரோக்கோவின் ரபாட் நகரில் கூடினர். அதன் வழியே பிறந்ததுதான் இன்று 57 நாடுகள் அங்கம் வகிக்கும் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு. அதன் முதல் பொதுச் செயலாளர் நம் துங்கு அப்துல் ரஹ்மான் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எரிந்த மேடைக்கு ஈடாகப் புதிய மேடை 2007இல்தான் அங்கு வைக்கப்பட்டது. மேடைக்காக 38 ஆண்டுகள் காத்திருக்கலாம். வீட்டைப் பழுதுபார்க்கவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் வழியில்லாத குடும்பம் அவ்வாறு காத்திருக்குமா? இடம்பெயர்ந்துவிடும். அதனால்தான் 1998இல் தொடங்கப்பட்ட பைத்மால் அல்-குத்ஸ் நிறுவனம் பள்ளி, மருத்துவம், வீடு ஆகியவற்றுக்கும் உதவுகிறது. இதுவே சரியான வழி. ஆனால் அதன் செலவில் பெரும்பங்கை மொரோக்கோ ஒன்றே சுமக்கிறது. தீர்மானத்திற்குக் கை தூக்குவோர் பலர். பணப்பையைத் திறப்போர் சிலர்.

யூதர், கிறித்தவர், முஸ்லிம் ஆகிய மூவருக்கும் அது புனித நகரம். ஒருவர் குடியிருப்பைக் காப்பது மற்றவர் உரிமையைப் பறிப்பதாகிவிடக் கூடாது.

குடியிருப்போரே மரபைக் காப்பர் என்பதற்கு அந்நகரிலேயே இந்தியச் சான்று உண்டு. சூஃபி ஞானி பாபா ஃபரீது தங்கியதாகக் கருதப்படும் இடத்தில் இந்திய விடுதி ஒன்று இருக்கிறது. 1924இல் சகாரன்பூரிலிருந்து சென்ற நசீர் ஹசன் அன்சாரி அதன் பொறுப்பை ஏற்றார். 1967 போரில் விடுதி தாக்கப்பட்டு அக்குடும்பத்தார் சிலர் உயிரிழந்தனர். ஆயினும் குடும்பம் வெளியேறவில்லை, விடுதியும் நிலைத்தது.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். தோட்ட மக்கள் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை சுருங்கியது. நாமோ புதிய கட்டடத்திற்கே நன்கொடை திரட்டுகிறோம். திறப்பு விழாவும் கல்வெட்டும் கிடைக்கும். வகுப்பில் அமரப் பிள்ளைகள் வேண்டாமா?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த பொதுக்கூட்டத்தில் கட்டட நிதியைப் பேசுமுன், தொலைவிலிருந்து வரும் வசதியற்ற பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைப் பேசுங்கள். பிள்ளைகள் இருந்தால் பள்ளி இருக்கும்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்