40 நாளில் உலகைச் சுற்றிய படகு: அதன் பெயரில் நம்ம ஊர் ‘மரம்’ வந்தது எப்படி?

இன்ஜின் உந்துதல் இல்லை. வழியில் எங்கும் நிற்கவில்லை. காற்றை மட்டும் நம்பி உலகைச் சுற்றிவர ஆன நேரம் 40 நாள், 10 மணி, 45 நிமிடம். பிரான்ஸின் தோமா கோவீல் உட்பட 7 பேர், ‘சோடெபோ அல்டிம் 3’ என்ற படகில் 2026 ஜனவரி 25 அன்று இதைச் சாதித்தனர். 2017 முதல் நின்ற சாதனை சுமார் 13 மணி நேர வித்தியாசத்தில் முறிந்தது.

இந்த வகைப் படகுக்குப் பெயர் ட்ரைமரான். அந்த ‘மரான்’ வேறொன்றும் இல்லை, நம்ம கட்டுமரத்தின் ‘மரம்’தான்.

பெயர் எப்படிப் போச்சு?

1991 வரை ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தில் இருந்த நாகப்பட்டினம், தரங்கம்பாடி உள்ளிட்ட சோழமண்டலக் கரையில் மீனவர்கள் கட்டுமரத்தில்தான் அலையைத் தாண்டினார்கள். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697ல் வெளியிட்ட பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது. பிறகு இரண்டு உடல் கொண்ட படகுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று உடல் இருந்தால் ட்ரைமரான். 1993ல் முதன்முறையாக 80 நாளுக்குள் உலகைச் சுற்றிய புரூனோ பெய்ரோன் குழு போனதும் ஒரு கேட்டமரானில்தான்.

அப்போ இது நம்ம கண்டுபிடிப்பா?

இல்லை. பெயர் நம்முடையது, வடிவம் அல்ல. கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இரட்டை உடல், பக்க மிதவை வைத்த படகுகள் பசிபிக் தீவு மக்களிடம் வளர்ந்தவை.

ஏன் இவ்வளவு வேகம்?

ஒற்றை உடல் படகு சாயாமல் இருக்க, அடியில் கனமான எடை வேண்டும். ட்ரைமரானுக்கு அகலமே பிடிமானம். எடை குறைவு, பாய் பெரிது. அடியில் உள்ள இறக்கைகள் வேகம் கூடும்போது படகையே தண்ணீருக்கு மேல் தூக்கிவிடும்.

ஒப்பிட ஒரு உதாரணம்: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் கடற்படையின் ‘தாரிணி’யில் 2024 அக்டோபரில் கிளம்பி, 2025 மே 29ல் கோவா திரும்பினர். அது 17 மீட்டர் நீள ஒற்றை உடல் படகு. ஆள் இரண்டே பேர், வழியில் 4 துறைமுகங்களில் நிறுத்தம். அது வேகத்துக்கான பயணமே அல்ல.

நம்ம கரையில் என்ன மிச்சம்?

2004 சுனாமி ஏராளமான கட்டுமரங்களைக் கொண்டுபோனது. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன. அவற்றில் தூரம் போகலாம், அதிகம் பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எரிபொருள் செலவு உண்டு.

இன்றும் சாதனைக் குழுக்களுக்குக் காற்றைக் கணித்துச் சொல்ல, கரையில் தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, பாய் விரிக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டவர்கள் நம்ம மீனவர்கள். இன்ஜின் வந்ததும் அந்தக் கணக்குக்கு வேலை குறைந்துவிட்டது. ‘மரம்’ அகராதியில் பத்திரமாக இருக்கும். பாய் பிடித்த தலைமுறையிடம் உள்ள இந்த அறிவை இப்போதே கேட்டுப் பதிவு செய்தால்தான் உண்டு.