ஒற்றுமைக்கு விலை இரண்டு நாற்காலியா?

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி ஆதரவாளர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இதற்குப் 'பிரைமரி' என்று பெயர். அந்தக் காலத்தில் உட்கட்சிப் பூசல் வெடிப்பதும், 'பிளவு வேண்டாம், எதிரி ஜெயித்துவிடுவான்' என்று தலைமை அடக்குவதும் வாடிக்கை. இந்த உபதேசம் எப்போதும் யாருக்குச் சொல்லப்படுகிறது?

1964-ஐப் பார்ப்போம். மிசிசிப்பி மாநிலத்தில் ஐந்தில் இருவர் கறுப்பின மக்கள். ஆனால், வாக்குரிமை வயதுள்ள கறுப்பர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அங்கே ஜனநாயகக் கட்சி வெள்ளையர் கையில் இருந்தது. கூட்டங்களில் கதவு சாத்தப்பட்டதால், கறுப்பின மக்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். பருத்திப் பண்ணையில் வாரத்துக்கு உழைத்தவர். வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962-இல் பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். 1963-இல் சிறையில் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 1964 ஜூனில் பிரைமரியில் நின்று தோற்றார். ஆகஸ்டில், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கட்சி மாநாட்டில், மிசிசிப்பியின் இருக்கைகள் தங்களுக்கே உரியவை என்று வாதாடினார்.

தென்மாநில வெள்ளையர் வாக்கு போய்விடுமே என்று அதிபர் ஜான்சன் தரப்பு பதறியது. வந்திருந்த 68 பேருக்கு இரண்டு இடம் என்று சமரசம் பேசியது. அந்த இருவர் யார் என்பதையும் மேலிடமே சொன்னது. ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற நண்பர்களும் உண்டு. ஹேமரும் தோழர்களும் மறுத்துவிட்டார்கள். யாரைத் திருப்திப்படுத்த இத்தனை பாடோ, அந்த வெள்ளைப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் மாநாட்டைவிட்டு வெளியேறினார்கள். நவம்பரில் மிசிசிப்பி எதிர்க்கட்சிக்கே வாக்களித்தது. ஆனாலும் ஜான்சன் நாடளவில் பெருவெற்றி பெற்றார். 1968 மாநாட்டில் ஹேமர் பிரதிநிதியாகவே அமர்ந்தார்.

நமக்கும் ஒரு பிரைமரி இருந்தது. 1932 பூனா ஒப்பந்தப்படி, தனித்தொகுதியில் நிற்கும் நான்கு வேட்பாளர்களை முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பொது வாக்கெடுப்பு. இன்று அந்த ஏற்பாடு இல்லை. தமிழ்நாட்டில் தலித்துகளுக்கான 44 தனித்தொகுதிகளிலும் வேட்பாளர் பெயர் தலைமையிடமிருந்து இறங்கி வருகிறது. ஏன் என்று கேட்கும் சேரி இளைஞருக்குப் 'பிளவுவாதி' என்ற பட்டம் கிடைக்கிறது.

கதவைச் சாத்தியவர்தான் பிளவை உண்டாக்கினார், தட்டியவர் அல்லர். தனித்தொகுதி வேட்பாளரை அத்தொகுதியின் தலித் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். எந்தக் கட்சியில் இருந்தாலும், அந்தந்தக் கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேட்போம்.