கரைகளுக்கு நடுவே கைவிடப்பட்டவர்கள்

பிஹாரில் பத்தில் ஒன்பது பேர் கிராமத்தில் வாழ்கிறார்கள். வடக்கு பிஹாரில் அந்தக் கிராமங்களை வாழவைப்பதும் கெடுப்பதும் இமயத்திலிருந்து இறங்கும் ஆறுகள்தாம். அவற்றில் கோசி அடங்காத ஆறு. இருநூறு ஆண்டுகளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்தது.

1954-ல் நேபாளத்துடன் ஒப்பந்தம் போட்டு, அந்த ஆற்றுக்கு இருபுறமும் கரை எழுப்பப்பட்டது. சமவெளியெங்கும் பரவிவந்த வண்டல் அதன்பின் கரைகளுக்குள்ளேயே படிந்தது; பல இடங்களில் ஆற்றுப்படுகை வெளிநிலத்தைவிட உயர்ந்துவிட்டது. மாநிலத்தில் வெள்ள அபாயமுள்ள பரப்பு அன்று 25 லட்சம் ஹெக்டேர். ஆறுகள்தோறும் கரைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட பிறகு அது சுமார் 69 லட்சம். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தபோது, ஆற்றில் ஓடியது விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் குறைவு. கரையோ 9 லட்சத்துக்கும் மேல் தாங்குமென்று கட்டப்பட்டது! சுபௌல், மதேபுரா, சஹர்சா, அரரியா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தவித்தார்கள்.

கரை உடைந்தால் நாடு திரும்பிப் பார்க்கிறது. உடையாத ஆண்டுகளிலும் மூழ்குகிறவர்கள், இரு கரைகளுக்கும் நடுவே விடப்பட்ட நூற்றுக்கணக்கான கிராமத்தார். வெளியே வீட்டுமனை தரப்பட்டவர்களுக்கும் உழ நிலம் தரப்படவில்லை; வயலைத் தேடி உள்ளேயே திரும்பினார்கள். ஆறு விழுங்கிய நிலத்துக்கும் வரி கேட்பதை எதிர்த்து இன்றும் போராடுகிறார்கள். இவர்களுக்கென 1987-ல் அமைக்கப்பட்ட மேம்பாட்டு ஆணையம் ஏட்டோடு நின்றது. இளைஞர்கள் பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் ரயிலேறுகிறார்கள்.

இப்போது காட்டப்படும் மருந்து, 2025 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த 6,282 கோடி ரூபாய்த் திட்டம்; கோசியை மேச்சி ஆற்றோடு கால்வாயால் இணைப்பது. பாசனத்துக்கு அது உதவலாம். வெள்ளத் தடுப்பு என்று சொல்வதுதான் ஏமாற்று. 2024 செப்டம்பரில் கோசியின் பீர்பூர் தடுப்பணையிலிருந்து விநாடிக்கு 6.61 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. இந்தக் கால்வாய் கூடுதலாக இழுக்கப்போவது விநாடிக்குச் சுமார் 5,000 கன அடிதான்.

கரைகளை இன்னும் உயர்த்துவதை அரசு நிறுத்தட்டும். உள்ளே இருப்பவர்களைக் கணக்கெடுத்து, நிலவரியைத் தள்ளுபடி செய்து, வெளியேற விரும்புவோருக்கு மனையோடு உழுநிலமும் தரட்டும். அங்கேயே இருக்க விரும்புவோருக்கு மேட்டுத் தளத்தில் பள்ளியும் மருத்துவமனையும், மழைக்காலம் முழுக்க அரசுப் படகும் வேண்டும். கால்வாய்க்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை இது.