ஒரு நொடியும் முப்பது நாளும்

1898-ல் பெங்களூரை பிளேக் தாக்கியது. நெரிசலான சந்துகளில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்த பிறகுதான், காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்பு தேவை என்று அதிகாரிகளுக்கு உறைத்தது. அப்படி உருவானதுதான் பிரேசர் டவுன். புலிகேசி நகர் என்று பெயர் மாற்றியும், அங்குள்ள தமிழர்களுக்கு அது இன்றும் பிரேசர் டவுன்தான். மருந்து மட்டும் போதாது, ஏற்பாடும் மாற வேண்டும் என்பது அந்தப் பேட்டை சொல்லும் பாடம்.

நுரையீரல் புற்றுநோய்க்கும் அது பொருந்தும். கதிர்வீச்சு சிகிச்சையில் பெரிய சங்கடமே மூச்சுதான். மூச்சோடு கட்டியும் அசைகிறது. குறி தப்பாமலிருக்க, சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்தே கதிர் சுடுகிறது. அந்தத் திசு தேறிக்கொள்ள அவகாசம் தரத்தான் 60 கிரே கதிரை 30 தவணைகளாக, ஆறு வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம்.

மூச்சு அசையும் முன்பே, ஒரு நொடிக்குள் தவணையை முடித்துவிட்டால்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் டாக்டர் பில்லி லூவும், ஸ்லாக் ஆய்வுக்கூடத்தின் சமி தந்தாவியும் அத்தகைய கருவிக்கு முயன்றார்கள். 2014-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகளிடம் சோதித்தபோது, மின்னல் வேகக் கதிர் கட்டியை அடக்கியது. நுரையீரலில் தழும்பு விழவில்லை. 2018-ல் ஸ்விட்சர்லாந்தின் லொசானில் முதல் மனிதருக்கும் அளிக்கப்பட்டது. ஆனால் அது தோலில் இருந்த கட்டி. மார்புக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்டுவது வேறு சவால்.

அதுவரை? கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்தால், துல்லியக் கதிர்வீச்சில் மூன்று முதல் ஐந்து தவணைகளிலேயே முடித்துவிடும் முறை பெங்களூரிலும் சென்னையிலும் உள்ளது. நம் நாட்டிலோ இருமலைக் காசநோய் என்று எண்ணி மருந்து தின்றே பலருக்கு மாதங்கள் கழிகின்றன. உண்மை தெரியும்போது கட்டி பரவியிருக்கும். பத்து லட்சம் பேருக்கு ஒரு கதிர்வீச்சுக் கருவியாவது வேண்டும் என்ற அளவுகோலையும் நாம் எட்டவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் கிட்வாய் மருத்துவமனைக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு முப்பது தவணை என்றால் முப்பது நாள் கூலி போயிற்று. துணைக்கு வருபவரின் கூலியும்தான். பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பினால் சிகிச்சையே வீண்.

ஒரு நொடிக் கருவி வரட்டும், வரவேற்போம். ஆனால் இருமலுக்கும் சரியான பரிசோதனைக்கும் நடுவே ஓடிப்போகும் மாதங்களைக் குறைக்க எந்த விஞ்ஞானிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.