காரை பெயர்ந்து கம்பி தெரியுதா? மேஸ்திரியிடம் இதைக் கேளுங்க!

டோல்கேட் பக்கம் மொட்டை மாடியில் வீசும் கடற்காற்று சுகம்தான். ஆனால், அதிலிருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து, காரையை வெடிக்க வைக்கும். மேலே சிமென்ட் பூசினால் விரிசல்தான் மறையும். துரு உள்ளே வளரும்.

விரிசலை அலட்சியப்படுத்தவே கூடாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த குடியிருப்பு இடிந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர் பிழைத்தார்கள்.

வேலையை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியவை:

* தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் கொத்தி எடுப்பீர்களா?
* கம்பியில் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதானே பூசுவீர்கள்?
* மாடியில் வாட்டம் பார்த்து, வேலை முடிந்ததும் ஒரு நாள் தண்ணீர் தேக்கிக் காட்டுவீர்களா?

பொருள், கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். வேலை நடக்க நடக்கக் கொடுங்கள்.

தூணிலோ உத்தரத்திலோ விரிசல் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்தான் பார்க்க வேண்டும்.

உள்ளூர் மேஸ்திரி என்றால் இன்னொரு வசதி: இரண்டு மழைக்காலத்துக்கு முன் அவர் செய்த மாடி, பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். அக்டோபர் மழைக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள்!