மாயமாளிகையும் மாத்தளைச் சிறாரும்

இளஞ்சிறாரைக் களியாட்டப் பூங்காக்களுக்கு அழைத்துச் சென்று, அங்கு கட்டிவைக்கப்பட்டுள்ள தேவதைக் கதை மாளிகைகளைக் காட்டி வருவதே அவர்தம் கற்பனையை வளர்க்கும் வழி என்றொரு நம்பிக்கை படித்த பெற்றோரிடையே வேரூன்றியுள்ளது. வசதியுடையோர் கடல் கடந்து டிஸ்னிலாந்துக்கே செல்கின்றனர். வசதியற்றோர் அம்மாளிகையின் படத்தைப் பிள்ளையின் புத்தகப்பையிலேனும் வாங்கிக் கொடுத்து ஆறுதலடைகின்றனர். இந்நம்பிக்கை பிழையானது, மாத்தளை மாவட்டத்துத் தமிழ்ச் சிறாரைப் பொறுத்தவரை பேரிழப்பையும் விளைப்பது என்பதே எமது வாதமாகும்.

பிறநாட்டுக் கதை ஆகாதென்று கூக்குரலிடுவோர் கூட்டத்தில் யாம் சேரவில்லை. பஞ்சதந்திரம் பாரசீகம் சென்று, அரபு மொழியில் 'கலீலா வ திம்னா' ஆகி, ஐரோப்பாவையும் அடைந்தது. அவ்வாறே கிறிம் சகோதரரின் கதைகள் நம்மிடம் வருவதிலும் தவறில்லை. ஆயின், வந்து சேர்வது கதைதானா? 1812இல் வெளிவந்த அவர்தம் முதற்றொகுதியிலுள்ள ஹான்சல், கிரெட்டல் கதையில், வறுமை தாளாத பெற்றோர் பிள்ளைகளைக் காட்டில் விட்டுச் செல்கின்றனர். பசித்த அப்பிள்ளைகளின் கண்முன்னேதான் தின்பண்டத்தாலான வீடு தோன்றுகின்றது. பூங்கா அமைப்போர் பசியை அகற்றிவிட்டு வீட்டிற்கு மட்டும் வண்ணம் பூசி நிறுத்துகின்றனர். 1955இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்திலோ பிள்ளை ஒரு சிறு வண்டியில் அமர்த்தப்படுகின்றது. வண்டி ஓடும் சில நிமிடங்களில் ஸ்னோவைற்றின் கதை முடிந்துவிடுகின்றது. 'பிறகு என்ன நடந்தது?' என்று கேட்க அவகாசமில்லை. கேட்டாலும் விடை கூறுவார் எவருமிலர்.

குழந்தையின் களிப்பை ஏன் கெடுக்க வேண்டும் என வினவுவோர் உளர். களிப்பை யார் மறுத்தார்? மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தைப் பாருங்கள். நேற்றுவரை கொழுந்து நிறுத்த மாமா இன்று மன்மதனாக வேடம் பூண்டு வருகின்றார். அவர் மாமா என்பதும் பிள்ளைக்குத் தெரியும். மன்மதன் என்பதிலும் அதற்கு ஐயமில்லை. சிவனின் நெற்றிக்கண்ணால் அவன் எரியுண்டபின் ரதி புலம்புகையில், மடியிலிருந்து 'ஏன் அழுகிறாள்?' எனக் கேட்கும் பிள்ளைக்குப் பாட்டி விடை கூறுகின்றாள். அவ்விடையிலன்றோ கதை வளர்கின்றது!

மாயமாளிகைதான் வேண்டுமெனின் அதுவும் நம் மாவட்டத்திலேயே உண்டு. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் எழுப்பிய சீகிரியாவில் சிங்கத்தின் பாதங்களுக்கிடையே படியேறுகின்றோம். அடிவாரத்து நீர்ப்பூங்காவின் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் நீரை உமிழ்கின்றன. இது குபேரனின் அளகாபுரியைப் பாவனை செய்து அமைக்கப்பட்டதெனப் பேராசிரியர் பரணவிதான கருதினார். எனினும் அங்கு சென்ற பழங்காலத்து மக்கள் வாய்பிளந்து பார்த்ததோடு அமையவில்லை. கண்ட ஓவிய மகளிரை விளித்துக் கண்ணாடிச் சுவரில் கவிதை பொறித்தனர். அவற்றுள் 685 பாடல்களைப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். பார்வையாளரும் கவிஞராகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இன்று கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர் வரிசையாக ஏறி, வரிசையாக இறங்கி, படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். சுவரில் எழுதுவது இன்று குற்றமே. பாடசாலைக் கொப்பியில் எழுதுவதும் குற்றமோ?

அம்மாணவர் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குத் திரும்பும் வீதியும் ஒரு கதையே. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோர், கோப்பித் தோட்டங்களை நாடி, 100 மைலுக்கு மேலான தூரத்தைக் காட்டினூடே நடந்து, இவ்வழியாகவே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். மாத்தளைவரை புகைவண்டி வந்தது 1880இல்தான். கிறிம் கதையின் காட்டுக்கு இக்காடு எவ்வகையில் குறைந்தது? தோட்டப் பாடசாலையிற் பயின்ற எம் போன்றோர்க்கு ஸ்னோவைற்றின் குள்ளர் எழுவர் என்பது தெரியும். எம் முப்பாட்டன் எத்தனை நாள் நடந்தான் என்பது தெரியாது. அதனை எமக்கு எவரும் சொல்லவில்லை; எந்தப் பாடநூலிலும் யாம் படிக்கவில்லை. மாசி மகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களையும் தோளில் அமர்த்திப் பிள்ளைக்குக் காட்டும் தந்தை, அத்தேர்களின் பின்னேயுள்ள இந்நடையையும் சொல்லலாகாதோ?

பூங்காவுக்குச் செல்வோர் செல்க. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கியதோடு கதை சொல்லும் கடமை தீர்ந்ததென எண்ணற்க. வருங்கால ஆசிரியராகிய நமக்கும் இதில் பொறுப்புண்டு. ஒவ்வொரு விடுமுறையிலும் நம் மாணவர் தத்தம் தோட்டத்து முதியோரிடம் ஒரு கதையேனும் கேட்டு எழுதி வருவாராயின், நம் தமிழ்ச் சங்கம் சில ஆண்டுகளில் மாத்தளைச் சிறார்க்கென ஒரு நூலை வெளியிடலாம். அம்முதியோர் நெடுநாள் காத்திரார். அடுத்த விடுமுறையிலேயே தொடங்குவோமாக.