குப்பை யாருடைய வாசலுக்குப் போகிறது?

ஜூன் 5ஆம் திகதி வந்துவிட்டால் பாடசாலைகளில் மரக்கன்றுகளுக்கு மவுசு கூடிவிடும். காலைக் கூட்டத்தில் இரண்டு பேச்சு, ஒரு சித்திரப் போட்டி, அதிதி ஒருவரின் கையால் ஒரு வேப்பங்கன்று. ஆகஸ்ட் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அந்த இடத்தில் குச்சிதான் நிற்கும். புத்தளத்து வெயிலில் தண்ணீர் ஊற்றாமல் எந்தக் கன்றும் பிழைக்காது, அது ஒருபுறம் இருக்கட்டும். என் கேள்வி வேறு. சுற்றாடல் என்றால் மரமும் யானையும் மட்டும்தானா? அதில் மனிதர்கள் எங்கே?

நிலைபேறான அபிவிருத்தி என்ற சொல்லை நாம் பாடத்தில் படிக்கிறோம். 1987இல் புருண்ட்லாண்ட் ஆணைக்குழு கொடுத்த வரைவிலக்கணத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். சூழல், பொருளாதாரம், சமூகம் என்று மூன்று தூண்களை வரைந்து பெயரிட்டால் புள்ளி கிடைக்கும். அந்த மூன்றாவது தூணைப் பற்றி அரை நிமிடத்துக்கு மேல் யாரும் பேசுவதில்லை. சமூக நிலைபேறு என்பதை நான் விளங்கிக்கொண்ட விதம் இதுதான்: ஓர் ஊரின் தண்ணீரையும் காற்றையும் பற்றி முடிவெடுக்கும்போது அந்த ஊர்க்காரருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். ஒருவருடைய வசதிக்கான விலையை அவரைத் தெரியாத இன்னொருவர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு உதாரணம் தேடித் திரியத் தேவையில்லை.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தார்கள். அந்த மேட்டை அகற்றும்படி அங்கு வாழ்ந்த மக்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அனர்த்தத்துக்குப் பின்னர்தான் அவசரம் வந்தது. ஏற்கெனவே பேச்சில் இருந்த அறுவக்காட்டுத் திட்டம் வேகம் பெற்றது. அறுவக்காடு என்பது சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் தோண்டிய பூமி. கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர். ஒரு பக்கம் வில்பத்துக் காடு, மறுபக்கம் களப்பு, கிட்டவே கலா ஓயாவின் முகத்துவாரமும் கண்டல் காடும். சேராக்குளி போன்ற மீன்பிடிக் கிராமங்கள் அதன் அயலில்தான் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய 'க்ளீன் புத்தளம்' போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியும் நடந்தது. 2019 ஆகஸ்டில் குப்பை வண்டிகள் வரத்தான் செய்தன.

இது திறந்த குப்பைமேடு அல்ல, அடியில் விரிப்பு இட்டு, கழிவுநீரைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் நவீன நிரப்பிடம் என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். மீதொட்டமுல்லயை விட அது மேலானது என்பதை நானும் மறுக்கவில்லை. கொழும்புக் குப்பை கொழும்பிலேயே கிடக்கட்டும் என்ற பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. மீதொட்டமுல்லயில் மண்ணோடு மண்ணானவர்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். குப்பை எப்போதும் குரல் குறைந்தவர்களின் வாசலைத்தான் தேடிப் போகிறது என்பதே என் வாதம். அது கொலன்னாவையாக இருந்தால் என்ன, வண்ணாத்திவில்லாக இருந்தால் என்ன?

அதற்கு முன்பும் இந்தப் பிரதேசம் சுமக்காத சுமையில்லை. சீமெந்துத் தூசி இருந்தது. நுரைச்சோலையில் 900 மெகாவோற் நிலக்கரி மின்நிலையம் வந்தது. நாட்டின் விளக்குகள் எரிகின்றன, சாம்பல் கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் படிகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக இங்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு குடும்பத்துக்குப் போதுமாயிருந்த கிணற்றில் நான்கு குடும்பங்கள் தண்ணீர் அள்ளிய கதையை என் உம்மம்மா இன்றும் சொல்வார். அதைச் சுமை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பகிர்ந்துகொண்டதும் சுமத்தப்பட்டதும் ஒன்றல்ல என்பதை அவரிடமிருந்துதான் நான் படித்தேன்.

நம்மவர்களே செய்துகொண்ட கேடும் உண்டு. இந்த மாவட்டத்தின் கரையோரத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்கள் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளை வீழ்த்தியது. பணம் போட்ட பலர் போய்விட்டார்கள். கைவிடப்பட்ட குளங்கள் மட்டும் கிடந்தன. கண்டலின் வேருக்குள் குஞ்சு பொரித்த மீனையும் நண்டையும் நம்பியிருந்த சிறு மீனவர்களிடம் அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. பிறகு 2015இல், சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பு, கண்டல்களைக் காக்கும் கிராமத்துப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கொடுக்கும் திட்டத்தை நாடளாவிய ரீதியில் தொடங்கியது. 15,000 பெண்கள் என்பது அதன் இலக்கு. வறுமையையும் மரத்தையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்ததால் அந்தத் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுப்புக்கு விறகில்லாத தாயிடம் போய்க் கண்டலை வெட்டாதே என்று சொல்வது இலகு. அவள் வேறெதைக் கொண்டு சமைப்பாள் என்று கேட்டவர்கள் குறைவு.

இனி நம் விடயத்துக்கு வருகிறேன். வீட்டில் குப்பையைக் கையாள்வது உம்மா, குப்பை பற்றிய கூட்டத்துக்குப் போவது வாப்பா. கிணற்றுத் தண்ணீர் சவர்க்காரத்தில் நுரைக்கவில்லை என்பதையும், அரிசி வேக நேரமெடுக்கிறது என்பதையும் முதலில் காண்பவர் பெண்தான். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பாரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் பொதுமக்கள் வாசித்துக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் கொடுக்கப்பட்டன. நல்ல ஏற்பாடு. நம் தெருவில் எத்தனை உம்மாமார் அப்படி ஓர் அறிக்கையைக் கண்டிருக்கிறார்கள்? தமிழில் இருந்தாலும், அந்தத் தமிழைப் புரிந்துகொள்ள இன்னொரு மொழிபெயர்ப்பு வேண்டும்!

இங்கேதான் மாணவிகளுக்கு வேலை இருக்கிறது. சுற்றாடல் முன்னோடிகள் அமைப்பில் பதக்கத்துக்காக நாம் செய்யும் செயற்பாடுகளோடு இவற்றையும் சேர்க்கலாம் என்பது என் யோசனை. ஒரு திட்ட அறிக்கையை எடுத்து, உம்மம்மாவுக்கு விளங்கும் தமிழில் நான்கு பக்கமாக எழுதிக் கொடுக்கலாம். அயலிலுள்ள கிணறுகளின் நீர் எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று விசாரித்துப் பதியலாம். "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கிணற்றில் அவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் அள்ளுவது யார் என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சில பேருக்குக் கசந்தாலும். அடுத்த ஊரின் குப்பை வேண்டாம் என்று பதாகை பிடித்தவர்கள் தம் குப்பையைப் பற்றியும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். லன்ச் சீட் 2017 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. நமது வலீமா விருந்துகளில் அது இன்னும் தடைசெய்யப்படவில்லை போலும். நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரம் கொண்டுபோன காலம் போய், சுடச்சுடக் கஞ்சியை ஷொப்பிங் பேக்கில் ஊற்றி வாங்கும் காலம் வந்திருக்கிறது. ஊளூ செய்யும்போது குழாயை அளவாகத் திற என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வீட்டிலேயே, பின்வேலிக்கு அப்பால் பம்பர்ஸ் வீசப்படுகிறது. அந்த வேலிக்கு அப்பாலும் ஒருவருடைய வாசல் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரஜையும் அரச நிறுவனமொன்றிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து அப்படியொரு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெருக்களில் அள்ளும் குப்பை எங்கே கொட்டப்படுகிறது, அதில் எவ்வளவு தரம் பிரிக்கப்படுகிறது, அந்த இடத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகள் இதுவரை அதில் இருக்கின்றன. உங்கள் தெருவைப் பற்றிக் கேட்க வேண்டியது ஏதும் இருந்தால், அன்புச் சகோதரிகளே, உம்மாவிடமும் விசாரித்து ஒரு தாளில் எழுதி உயர்தரக் கலைப்பிரிவு வகுப்பில் தாருங்கள்.